மூங்கில் சைக்கிள் கட்ட நினைப்பவருக்கு: எந்தக் கழி, எந்த மூட்டு, எவ்வளவு தலைவலி

"ஏணிக்குங்களா, பந்தலுக்குங்களா?" என்றார் மண்டிக்காரர்.

"சைக்கிளுக்குங்க."

"காரியர்ல கட்டியெடுத்துட்டுப் போறதுக்குங்களா?"

"இல்லீங்க. சைக்கிளையே இதுலதான் கட்டப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. குவிந்து கிடந்த கழிகளில் ஒன்றை இழுத்து, அடிக்கட்டையைத் தரையில் இரண்டு தட்டு தட்டிக் காதால் கேட்டுவிட்டு, "அப்பக் காஞ்சதா எடுத்துக்குங்க. பச்சையில கட்டுனா வெயிலுக்குத் தெறிச்சுப் போயிருமுங்க" என்றார். நான் கேட்கவில்லை. பளபளவென்று பச்சையாக, கோடு போட்டாற்போல் நேராக இருந்த ஒன்றின் மேல் கண் போய்விட்டது. மார்கழியில் கட்டிய அந்தப் பிரேம் சித்திரையில் வெடித்தது. மேல் பாரில், இரண்டு கணுவுக்கு நடுவே, தீக்குச்சி நுழையும் அகலத்துக்கு நீளவாட்டில் ஒரு பிளவு. இப்போது அது எங்கள் மாடியில் பாகற்கொடிக்குக் கொம்பாக நிற்கிறது. ஏணிக்கா பந்தலுக்கா என்று அவர் கேட்டதில் ஒன்று பலித்துவிட்டது.

இரண்டாவது பிரேம் மூன்று கோடையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று செய்யவேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் மூங்கிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உடையாதா? உளுத்துப் போகாதா? மழையில் நனைந்தால்? நியாயமான கேள்விகள். ஆனால் என் பணத்தையும் தூக்கத்தையும் தின்றது கழியும் கழியும் சேருகிற மூட்டு. கீழே நான் ஒப்பிடும் வழிகள் எல்லாமே சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

வாங்கிவிடுவதா, நாமே செய்வதா

சும்மா ஓட்டிப் பார்க்கும் ஆசைதான் என்றால் வாங்கிவிடுங்கள். புனேயில் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி சசிசேகர் பாட்டக் 'பாம்பூச்சி' என்ற பெயரில் கையால் செய்கிறார். ஜெர்மனியின் கீல் நகரத்து 'மை பூ' நிறுவனம் கானாவில் பிரேம் கட்டுவித்து ஐரோப்பாவில் விற்கிறது. பிலிப்பைன்ஸில் 'பாம்பைக்' இருக்கிறது. மணிலாவின் பழைய கோட்டைப் பகுதியை அந்தச் சைக்கிளில்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். கையால் கட்டும் ஒரு பிரேம் பல பத்து மணி நேர வேலை. அதனால் எங்கே வாங்கினாலும் விலை சாதாரண சைக்கிள் கடை விலையாக இருக்காது. கொடுக்கிற காசு மூங்கிலுக்கென்று நினைத்தால் வயிறெரியும். அது அந்த மணி நேரத்துக்கும், சோதனைக் கூடத்தில் உடைத்துப் பார்த்த பிரேம்களுக்கும் போகிறது. சைக்கிளுக்கென்று ஐஎஸ்ஓ 4210 என்ற பாதுகாப்புத் தரம் உண்டு. மிதிக்கிற விசையை ஆயிரக்கணக்கான தடவை மாற்றி மாற்றிக் கொடுத்து, பிரேம் எங்கே விடுகிறது என்று அதில் பார்ப்பார்கள். வீட்டு மாடியில் கட்டுகிற நமக்கு அந்த வசதி இல்லை. விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இந்தச் சோதனையைப் பற்றித்தான். நிறம், வார்னிஷ் எல்லாம் அப்புறம்.

நடுவில் இன்னொரு வழி, கிட் வாங்குவது. லண்டனின் 'பாம்பூ பைசைக்கிள் கிளப்' இதில் பேர் போனது. கழி, நார், ரெசின் என்ற இறுகிக் கெட்டியாகும் பசை, உலோகத் துண்டுகள் எல்லாம் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். வாரக் கடைசியில் பட்டறையில் உட்காரவைத்துச் சொல்லியும் கொடுக்கிறார்கள். அங்கே இருப்பவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. சத்தியமங்கலம் காட்டடியில் உட்கார்ந்துகொண்டு லண்டனிலிருந்து மூங்கில் வரவழைப்பதோ, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. கிட்டில் உண்மையிலேயே மதிப்புள்ளது அந்த உலோகத் துண்டுகள்: ஹேண்டில் நுழைகிற தலைக்குழாய், பெடல் அச்சு உட்காரும் பிபி கூடு, சீட் கம்பி இறங்கும் குழல், பின்சக்கரம் மாட்டும் கொக்கிகள். இவை நான்கும் பழைய இரும்புச் சைக்கிள் ஒன்றில் அப்படியே இருக்கின்றன. காயலான் கடையில் ஒரு சைக்கிளை எடுத்து, லேத் பட்டறையில் அறுத்துக் கொடுக்கச் சொன்னால் முடிந்தது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். போர்க்கை மட்டும் தயவுசெய்து மூங்கிலில் செய்யாதீர்கள். பின்பக்கம் விட்டால் சைக்கிள் படுக்கும். முன்பக்கம் விட்டால் பல் போகும்.

செய்வதற்கு ஆன செலவைச் சொல்லிவிடுகிறேன். சக்கரம், பிரேக், செயின் நீங்கலாக, இரண்டாவது பிரேமுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதில் கழிக்குப் போனது 300 ரூபாய்கூட இல்லை, பெரும்பகுதி எபாக்சி ரெசினுக்கு. நாள் கணக்கு பார்த்தால், கழி காய்ந்த காலத்தைத் தள்ளி ஐந்து வாரம், மாலை வேளைகளில். சிக்கனம் பார்த்து இதில் இறங்குபவர் ஏமாறுவார்.

எந்தக் கழி

எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் மூங்கிலும் இரும்பும் கிட்டத்தட்ட ஒரே விறைப்பு. இரும்பு மூங்கிலைவிடப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பு, எடையும் பத்து மடங்குக்கு மேல். எனவே இரும்புக் குழாய் ஒரு அங்குல விட்டத்தில் செய்கிற வேலையை மூங்கில் செய்யவேண்டுமானால் அது தடிமனாக இருக்கவேண்டும். முன் முக்கோணத்துக்கு 35 முதல் 42 மில்லிமீட்டர், பின்சக்கரத்தைப் பிடிக்கும் கிளைகளுக்கு 18 முதல் 22 என்று நான் வைத்துக்கொண்டேன். நார் நெருக்கமாக இருப்பது தோலை ஒட்டித்தான். உள்ளே போகப் போக அது குறைந்து சோறு போலாகிவிடும். அழகுக்காகத் தோலைச் சீவி இழைத்தால் பலத்தைச் சீவி எறிகிறோம் என்று பொருள்.

நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு. முள் மூங்கில் பெரியது, உட்கூடு அகலம், நேராக வருவது அரிது. கல் மூங்கில் சின்னது, வறண்ட காடுகளில் வருவது, அடிப்பகுதி கிட்டத்தட்டக் கெட்டி. எனக்குக் கேட்டால் கல் மூங்கில்தான், யோசிக்கவே வேண்டாம். அதன் மெல்லிய, கெட்டியான கழிகள் பின்கிளைகளுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். முன் முக்கோணத்துக்கு அடிக்கட்டையை விட்டுவிட்டுக் கொஞ்சம் மேலே, உட்கூடு விழத் தொடங்கிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், எடை குறையும். இப்படிச் செய்தும் என் பிரேம் 2.9 கிலோ வந்தது. பந்தயக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

காட்டில் போய் வெட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டார். 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது சரி. ஆனால் அது காட்டுக்கு வெளியே வளர்ப்பவருக்கான விடுதலை. காட்டு மூங்கில் காட்டு மூங்கில்தான். மண்டிக்குப் போங்கள்.

கழி மூன்று, நான்கு வயது முற்றலாக இருக்கவேண்டும். இளசில் மாவுச்சத்து அதிகம்; மூங்கில் வண்டு தேடி வருவது அந்த மாவுக்காக. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மண்டிக் கழி எந்தப் பிறையில் வெட்டியது என்று யாருக்குத் தெரியும்? போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பதுதான் கைக்கெட்டின வழி. அதற்கு முன் ஒரு நீளக் கம்பியை விட்டு உள்ளே கணுச் சுவர்களைக் குத்தித் திறந்துவிடுங்கள். கரைசலும் உள்ளே போகும், காய்வதும் ஒரே சீராகக் காயும். பிறகு நிழலில் குறைந்தது இரண்டு, மூன்று மாதம். காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நிறுத்துக் கழி மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். மூன்று வாரம் ஒரே எண் வந்தால் காய்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பிரேமுக்கு இதைச் செய்திருந்தால் பாகற்கொடிக்கு வேறு கொம்பு தேடவேண்டியிருந்திருக்கும்.

கழியாகவா, பட்டையாகவா

முழுக்கழியை விட்டுவிட்டு, மூங்கிலைப் பட்டையாகக் கிழித்து ஒட்டிச் செய்வது இன்னொரு மரபு. இதற்குச் சான்று இந்தோனேசியாவின் 'ஸ்பெடாகி'. பாண்டுங்கில் வடிவமைப்புப் படித்த சிங்கி சுசீலோ கார்தோனோ, ஜாவாவில் தெமாங்குங் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து தொடங்கியது. பெரிய பெத்துங் மூங்கிலைப் பிளந்து, இழைத்து, ஒன்றோடொன்று ஒட்டி பிரேமுக்கான கட்டைகளை எடுக்கிறார்கள். 2022 ஜூனில் ஆஸ்திரேலியப் பிரதமர் அல்பனீசும் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோவும் போகோர் மாளிகையில் இவர்கள் செய்த மூங்கில் சைக்கிள் ஓட்டிய படம் பலருக்கு நினைவிருக்கலாம்.

இந்த வழியில் ஒரு பெரிய நன்மை: வெடிப்பு. முழுக்கழி காயும்போது வெளிவட்டமும் உள்வட்டமும் ஒரே அளவு சுருங்குவதில்லை; வளையமாக இருப்பதால் விட்டுக்கொடுக்கவும் இடமில்லை, ஒரு கோட்டில் பிளந்துவிடுகிறது. பட்டையாகக் கிழித்துவிட்டால் அந்த இழுபறியே போய்விடும். கழி வளைவா நேரா, விட்டம் ஒத்துவருமா என்ற தேடலும் இல்லை. வேண்டிய அளவுக்கு இழைத்துக்கொள்ளலாம். ஒரே அளவில் பத்துச் சைக்கிள் செய்து விற்கும் எண்ணம் இருக்கிறது, கையில் மரப்பட்டறையும் இருக்கிறது என்றால் இதுதான் வழி. ஒரே ஒரு சைக்கிளுக்கு இதைச் செய்தால், இழைப்பு இயந்திரமும் இருபது கிளாம்பும் வாங்கின பிறகு மூங்கில் வாங்கக் காசிருக்காது. கழியாகவே கட்டுங்கள்.

மூட்டு

1894இலேயே லண்டனில் ஸ்டான்லி கண்காட்சியில் மூங்கில் சைக்கிளை வைத்துவிட்டார்கள். 1896இல் அமெரிக்காவில் இருவர் காப்புரிமை வாங்கினார்கள். ஆஸ்திரியாவிலும் செய்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. பிறகு நூறு வருடம் கழித்து, 1990களின் நடுவில், கலிபோர்னியாவில் கிரெய்க் கால்ஃபி கண்காட்சியில் கூட்டம் சேர்க்க ஒன்று செய்தார். நாய் மூங்கில் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து யோசனை வந்ததாம். இந்தத் தடவை நிலைத்துவிட்டது. 2007இல் கானாவுக்கும் போயிற்று. இடையில் மூங்கில் மாறவில்லை, கால்ஃபியின் பழைய தொழில்தான் வித்தியாசம். அவர் கார்பன் இழையில் பிரேம் கட்டுபவர்; 1991 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வீரர் கிரெக் லெமாண்ட் ஓட்டியது அவர் செய்தது. நாரை ரெசினில் நனைத்து மூட்டைச் சுற்றிக் கட்டும் பழக்கம் கையில் இருந்தது. அதை மூங்கிலுக்குக் கொண்டுவந்தார், நாராகச் சணல் போன்ற ஹெம்பை எடுத்துக்கொண்டார்.

பழைய முறையோ உலோகக் குழல்: இரும்பு மூட்டுக்குள் கழியைச் செருகி ஒட்டுவது. இன்றும் பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான். லேத்துக்காரரிடம் சொன்னால் அழகாகக் கடைந்தும் தருவார். பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் ஆடி ஈரத்தில் கழி குறுக்குவாட்டில் உப்பும், பங்குனியில் சுருங்கும், இரும்பு அசையாது. ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டுக்கும் நடுவே இருக்கிற பசை இழுபடுகிறது. ஒரு நாள் கிரீச் என்று சத்தம் வரும். அதோடு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான். இந்த வழி வேண்டாம்.

நார் சுற்றுவது என்று முடிவாகிவிட்டால் எந்த நார்? கார்பன் மிக மெல்லிசாக, பலமாக முடியும். விலை போகட்டும், அதில் ஒரு பொறி இருக்கிறது: அலுமினியத்தோடு நேராகப் பட்டால், மழைத்தண்ணீர் புகுந்தவுடன் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். நடுவில் கண்ணாடி இழை ஒரு சுற்று கொடுத்தாகவேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர் முதல் தடவை கார்பனில் கை வைக்கவேண்டாம்.

இயற்கை நார் பார்க்க அழகு. மூங்கிலோடு நிறம் சேரும். ஆனால் ரெசினைக் குடிக்கும், மூட்டு யானைக்கால் போல் பருக்கும். கடையில் விற்கும் சணல் சரட்டில் எண்ணெய்ப் பசை இருக்கும். நூற்க எளிதாக ஆலையிலேயே விடுகிறார்கள். ரெசின் அதில் பிடிக்காது. கற்றாழை நார் அந்த வகையில் தேவலாம். சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, நீளமாகச் சீவிவிட்டால் வேலைக்கு வரும். உலராத நாரைச் சுற்றினால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு பால் நிறத்தில் படலம் கட்டும். என் முதல் பிரேமில் இரண்டு மூட்டு அப்படித்தான் இருந்தது.

கண்ணாடி இழை நாடாவில் அழகு குறைவு. அறுக்கும்போது அரிக்கும், முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். ஆனால் மலிவு, ரெசினை அளவாகத்தான் எடுக்கும், நனைந்த இடம் கண்ணாடியாகத் தெளிந்துவிடுவதால் நனையாத இடம் வெள்ளையாக நின்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கற்றுக்குட்டிக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. இரண்டாவது பிரேம் முழுக்கக் கண்ணாடி இழை. மேலே ஒரே ஒரு சுற்று கற்றாழை நார், அதுவும் ஆசைக்குத்தான்.

ரெசினில் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். தண்ணீர்த் தொட்டி செய்யும் ஃபைபர் கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு. மூங்கிலை அது எபாக்சி அளவுக்குப் பிடிப்பதில்லை. எபாக்சி வாங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நான் நேரம் மிச்சம் என்று ஒரே பிளாஸ்டிக் டம்ளரில் கால் கிலோ கலந்துவைத்துவிட்டு, நாடா வெட்டப் போனேன். திரும்பி வந்தபோது டம்ளர் இளகிச் சாய்ந்திருந்தது, புகை வந்துகொண்டிருந்தது, ரெசின் கல்லாகிவிட்டது. மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். ஐம்பது, அறுபது கிராமுக்கு மேல் ஒரு கலவை வேண்டாம். வெயில் காலத்தில் விடியற்காலையில் கலக்குங்கள்.

சுற்றுவதற்கு முன் ஒரு வேலை. தோலைச் சீவாதே என்று மேலே சொன்னேன், மூட்டு வரும் அரை சாண் இடத்தில் மட்டும் அதற்கு விலக்கு. மூங்கில் தோல் மெழுகுப் பூச்சோடு வழவழப்பாக இருக்கும். பசை அதில் நிற்காது. உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை, ஆனால் நாருக்குள் போகாமல் தேயுங்கள். கழியின் முனையை அடுத்த குழாயின் வளைவில் உட்காரும்படி பிறைபோல் ராவுங்கள். வெளிச்சம் தெரியாமல் உட்காரவேண்டும். இடைவெளியைப் பசையால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் எல்லா மோசமான மூட்டுக்கும் தாய்.

நார் சுற்றியதும் மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துக் கட்டுங்கள். ஊசியால் பொத்தல் போட்டுவிட்டால் அதிக ரெசின் வியர்வைபோல் முத்து முத்தாக வெளியே வரும். நாரை நெருக்கிப் பிடிக்க இவ்வளவு மலிவான கருவி வேறில்லை. மறுநாள் பிரித்தால் மூட்டு கல். ஒரு வாரம் கழித்துத்தான் ஏறி உட்காருங்கள்.

அளவு விஷயத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டாம். உங்களுக்கு ஒத்துப்போகும் ஒரு சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, கோணங்களையும் நீளங்களையும் பிளைவுட்டில் முழு அளவில் வரைந்து, அதன்மேல் கட்டையறைந்து கழிகளைப் படுக்கவைத்துக் கட்டுங்கள். பழைய 28 அங்குலச் சைக்கிளில் சீட்டுக் குழாய் நன்றாகச் சாய்ந்திருக்கும்; இன்றைய கியர் சைக்கிள்களில் 72, 73 பாகை நிமிர்ந்திருக்கும். போர்க்கை எதிலிருந்து எடுத்தீர்களோ தலைக்குழாய்ச் சாய்வையும் அதிலிருந்தே எடுங்கள். கலந்தால் கையை விட்டதும் வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நார் சுற்றுவதற்கு முன், பின்கொக்கி ஒன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து மறுகொக்கியில் கட்டுங்கள். சீட்டுக் குழாயின் இரண்டு பக்கமும் நூலுக்குள்ள இடைவெளி ஒன்றாக இருக்கவேண்டும். எனக்கு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது, பரவாயில்லை என்று விட்டேன். இன்றைக்கும் என் சைக்கிள் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது.

இந்தச் சைக்கிள் தனியாளுக்கானது. டபுள்ஸ், முன்பாரில் குழந்தை, காரியரில் சிலிண்டர் எதுவும் வேண்டாம். அந்த வேலைக்கு இரும்புச் சைக்கிளே போதும், சொல்லப்போனால் அதுதான் சரி. வாரத்துக்கு ஒருமுறை ஒரு ரூபாய் நாணயத்தால் மூட்டுகளைத் தட்டிப் பார்க்கிறேன். டிக் டிக் என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. ஒரு இடத்தில் மட்டும் டொப் என்று கேட்டால் உள்ளே பசை விட்டிருக்கிறது, ஏறக்கூடாது. இதுவரை ஒருமுறை கேட்டது, பிபி கூட்டுக்குப் பின்னால். அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி நான்கு சுற்று சுற்றினேன்.

மூன்றாவதற்குக் கழி வாங்கி வைத்திருக்கிறேன். அதே மண்டி. இந்தத் தடவை அவரே தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார், நான் வாயைத் திறக்கவில்லை. போன ஞாயிறு 1,185 கிராம். இந்த ஞாயிறு 1,170.